எட்டி உதைத்த சோற்றுத் தட்டு

"…அந்த சீரியல் மாமியாருக்கு வக்காலத்து வாங்குனான்னுதான என் ஓரகத்தியோட பேச்சையே விட்டேன்? இப்ப இன்னாடி புதுசா கத சொல்ற?"

ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் ஜீப்பில் எனக்கு எதிரே இருந்த அக்கா கேட்டார். பக்கத்திலிருந்த தோழியின் மடியில், பழைய டிவி சீரியல்களை எப்படி எடுத்தார்கள் என்று சொல்லும் புத்தகம் விரிந்திருந்தது.

"நான் எங்க சொல்றேன், புக்குல போட்டுருக்குது. மருமவளோட சோத்துத் தட்ட எட்டி ஒதைப்பாளே, அந்த சீன் முடிஞ்சதும் மாமியாரா நடிச்சவங்களே வேற தட்டுல போட்டு ஊட்டி வுட்டாங்களாம்க்கா. அந்தப் பொண்ணு காலையிலருந்து சாப்புடலியாம்."

"ஊட்டி வுட்டாங்களா?"

"ஃபோட்டோவே இருக்குது பாரு."

அக்கா வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சியப் பாத்தா கெட்டவளா தெரியலன்னு என் ஓரகத்தி அப்பவே சொன்னா. உனக்கும் அந்த மாமியா புத்திதான்னு நாந்தான் கத்திட்டு வந்தேன். பொங்கலுக்குக்கூட அவ வூட்டுக்குப் போவல."

"டிவில சண்ட போட்டவங்க நெஜத்துல ஒண்ணாதான் இருந்தாங்க. நீ நெஜமாவே சண்ட போட்டுக்கின."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது.

"தம்பி, இங்க நிறுத்துப்பா" என்று அக்கா டிரைவரிடம் சொன்னார்.

"இன்னாக்கா, உன் வூடு மேல இல்ல இருக்குது?" என்றார் தோழி.

"அவ வூடு இங்கதான இருக்குது."

படம் இருந்த பக்கத்தில் விரலை நுழைத்தபடியே, தோழியின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா இறங்கினார்.