மூன்றாவது சரணம்

பிள்ளைகளே, பாகலூரிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கை அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் இப்படிச் சொன்னார்:

"எம்பொண்ணு தவறிப்போன வருஷ ஜெபத்துல அந்தப் பாட்டைப் பாதியா பாடறதுன்னா பாடவே வேணாம், தம்பி."

அந்தத் தம்பி அவர்கள் சபையில் பாட்டு நடத்துகிறவராம். நாளைக் காலை அந்த அம்மா வீட்டில் ஜெபம்.

"மூணாவது சரணத்தை எப்பவும் விடறதுதானுங்கக்கா. எல்லாரும் கம்பெனி பஸ்ஸு புடிக்கணும்."

"பஸ்ஸுக்காகவா விடறீங்க?"



"அதுல, பாட்டை எழுதுன நம்ம சபை வெல்டர் அண்ணன், எம்பையனை ஏன் எடுத்தீருன்னு ஆண்டவரையே கேக்கறாரு. சபையில பாட ஒரு மாதிரி இருக்குதுங்க."

"பையனை அடக்கம் பண்ணுன வாரம் எழுதுனது. அப்படிக் கேட்டு அழுதப்புறம்தான நாலாவதுல ஸ்தோத்திரம் சொல்றாரு? கேக்காம எனக்கு ஸ்தோத்திரம் வாயில வரல, தம்பி. ஒரு வருஷமா நாலாவதுக்கு சும்மா நிக்கறேன்."

ஓசூர் பேருந்து நிலையம் வந்ததும் அந்தத் தம்பி எழுந்து பையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு நாலும் பாடிடலாம்க்கா. பஸ்ஸு போனா ஷேர் ஆட்டோ இருக்குது. ஆனா மூணாவதை நான் பாடுனதே இல்லைங்க. நீங்க எடுத்துக் குடுங்க, நாங்க பின்னாடி பாடறோம்."