வெக்கைதான் என்று சொன்னேன்

என் பெயரும் கதவு எண்ணும் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதியபடி சரி. வயது நாற்பத்தாறு. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பவள் என் தம்பி மனைவி. அவளை எங்கள் சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்த்ததும் நான்தான்.

குழந்தை வயிற்றிலேயே தவறிய பிறகு அவள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். இது வீட்டோடு இருந்த விஷயம். மடிக்கும்போதே தூங்கி வழிகிறாள் என்று, வேலை நாட்களில் மாத்திரை வேண்டாம் என நான் சொன்னேன். பெரிய டாக்டருக்குப் படித்தவள் மாதிரி சொன்னேன். அவளும் என் பேச்சைத் தட்டமாட்டாள்.

நேற்று காலை பத்து மணிக்கு அவள் என்னிடம் வந்து, மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போவதாகவும், அவர் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பார் என்பதால் விட்டுப்போன மாத்திரைகளை எல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். "இனிமே திட்டமாட்டார் அண்ணி" என்று சிரித்தாள். காலி அட்டையை வாங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். போய் வேலையைப் பார் என்றேன்.

அதன் பிறகு பதினொன்றரை மணிக்கு அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நீராவி இஸ்திரி அறையில் வியர்க்காதவர் யார்? அதன் பிறகு கை நடுங்கியது. மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து உப்புத் தண்ணீர் கொடுத்தோம். வெக்கைதான், சரியாகிவிடும் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் என்று மேலாளருக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பயந்து, நானும் வெக்கைதான் என்றேன். அதன் பிறகு அவள் வெள்ளை விரிப்பில் இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட ஆரம்பித்தாள். ஒரு மணிக்கு வலிப்பு வந்து விழுந்தாள்.

நிலையத்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா என்னிடம், "மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா? மறைக்காம சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டார். பக்கத்தில் மேலாளர் நின்றார். "இல்லைங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். வெப்பத்தால் வந்த மயக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கு அவள் இதயத் துடிப்பு தாறுமாறானது. அப்போதுதான் அட்டையைக் கொடுத்தேன். இது அளவு மீறினால் முதலில் ஒன்றும் தெரியாது, அந்த நேரத்திலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே ஓடினார்.

அட்டை இஸ்திரி மெஷினுக்கு அடியில் கிடைத்தது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் தேடி எடுக்கலேன்னா அவ அப்பவே போயிருப்பாக்கா" என்று அழுதான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்று காலை வரை அவள் கண் திறக்கவில்லை.

நான் சொல்லப் போலீஸார் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை; அத்தனையும் உண்மை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் தம்பிக்கும் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன். என் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

(ஒப்பம்)