நாளைக்கு எத்தனை பன்?

— ஏழு ரெய்டு அக்கா! ஏழுலயும் ஒரு ஈ காக்கா கூடக் கிடைக்கலை. இதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதறது, நீங்களே சொல்லுங்க.

— என்கிட்ட கேட்டா? நான் பேக்கரிக்காரி. ரொட்டி ஏன் கருகிச்சுன்னு கேளுங்க, காரணம் சொல்றேன். குடியேற்றத் துறை ஆபீசர் நீங்க, ரெய்டு உங்க சமாசாரம். எனக்கெதுக்குத் தம்பி வம்பு?

— வம்பில்லைக்கா, மனசு ஆறாம புலம்பறேன். பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரங்களைப் பிடிச்சு அனுப்புங்கன்னு ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச்சு. போன மாசம் கருத்துக்கணிப்பு எடுத்தாங்களே, அதுலயும் நூத்துக்கு எண்பது பேர் 'முழு ஆதரவு'. சரின்னு பிடிக்கப் போனா, போற இடமெல்லாம் காலி.

— ஆதரவுதான் தம்பி. நானும் அதுலதான் டிக் போட்டேன்.

— நீங்களுமா?

— பின்னே? சட்டம்னா சட்டம்தானே. வரவங்களையெல்லாம் வாங்க வாங்கன்னா நாடு தாங்குமா?

— யாரை மனசுல வச்சுக்கிட்டு டிக் போட்டீங்க?

— யாரைன்னா... பொதுவாத்தான். முகம் தெரியாத ஆளுங்க. எங்கேயாவது இருப்பாங்கல்ல, அவங்க.

— நம்ம தையல் கம்பெனியில பன்னிரண்டு பேர் இருந்தாங்களே?

— ஐயய்யோ, அதுங்களை ஏன் இழுக்கறீங்க? எங்க வீட்டு ஜன்னல் திரை பூரா அதுங்க தச்சது. ஒரு தையல் பிரிஞ்சதில்லை.

— கார் கழுவற இடத்துல இருந்தவர்?

— அவர் என்னைப் பார்த்தா கழுவறதை நிறுத்திட்டு 'நல்லா இருக்கீங்களாக்கா'ன்னு கேப்பார். என் கூடப் பொறந்தவன் கேக்க மாட்டான்.

— அப்போ யாரைத்தான்க்கா அனுப்பணுங்கறீங்க?

— மனசுல இருக்கறதைச் சொல்லவா? என் கொழுந்தனாரை அனுப்பலாம். என்ன பண்றது, அவர் இங்கேயே பொறந்து தொலைச்சுட்டார்.

— எண்பது பேரும் இப்படித்தான்க்கா. தையல் கம்பெனிக்குப் போனோம். பன்னிரண்டு மிஷின், பன்னிரண்டும் தொட்டா சுடுது. நடுவுல முதலாளி மட்டும் உட்கார்ந்துக்கிட்டு, 'எல்லாத்தையும் நானே ஓட்டறேன்'ங்கறார்.

— நல்ல உழைப்பாளி தம்பி அவர்.

— கார் கழுவற இடத்துல ரிட்டயரான ஹெட்மாஸ்டர் டை கட்டிக்கிட்டு, பக்கெட்டும் கையுமா நிக்கறார். தெருத்தெருவா கையெழுத்து வாங்கினதே அவர்தான்! என்ன சார் இதுன்னா, டாக்டர் உடற்பயிற்சி பண்ணச் சொன்னாராம்.

— வயசான காலத்துல உடம்பைப் பார்த்துக்க வேண்டாமா?

— கவுன்சிலர் வீடு இன்னும் மோசம். 'ஒருத்தரையும் விடாதே'ன்னு மேடைக்கு மேடை முழங்கறவர். அவங்கம்மாவைக் கவனிச்சுக்கற பொண்ணைத் தேடிப் போனா, கையில சீப்போட அவரே கதவைத் திறக்கறார். உள்ளேருந்து கிழவி கத்தறாங்க, 'முடியைப் பிய்க்காதேடா பாவி! அவளை அலமாரியிலேருந்து வெளியே வரச் சொல்லு!'

— அப்புறம்? அலமாரியைத் திறந்தீங்களா?

— அம்மாவுக்கு ஞாபக மறதின்னு கவுன்சிலர் சொன்னார். அப்படியே ரிப்போர்ட்ல எழுதிட்டேன்.

— சிரிக்கக் கூடாது. சிரிப்பு வந்துடுச்சு, மன்னிச்சிடுங்க.

— சிரிங்க, பரவாயில்லை. தலைமை ஆபீஸ்லதான் யாரும் சிரிக்கலை. புதுசா ஒரு டைரக்டரம்மா வந்திருக்காங்க. ஃபைலைப் புரட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'மொத்தம் எட்டு ரெய்டு. முதல் ரெய்டுல ஆள் கிடைச்சிருக்கு. அப்புறம் ஏழுலயும் இல்லை. முதல் ரெய்டுக்கும் மத்ததுக்கும் என்ன வித்தியாசம்?'

— மழையா இருக்குமோ?

— மழையே பெய்யலைக்கா.

— அதைத்தான் நானும் சொல்றேன். பெஞ்சிருந்தா எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்திருப்பாங்கல்ல?

— ஏன்க்கா உங்களுக்கு இப்படி வேர்க்குது?

— ஓவன் பக்கத்துல நின்னா வேர்க்காம குளிருமா? டீயைக் குடிங்க, ஆறுது.

— நானும் உட்கார்ந்து யோசிச்சேன். முதல் ரெய்டுக்கு முந்தின நாள் நான் உங்க கடைப் பக்கமே வரலை. அப்புறம் ஏழு தடவையும், முந்தின நாள் இதே நேரத்துக்கு வந்து, இதே ஸ்டூல்ல உட்கார்ந்து, 'ரெய்டுக்குப் போற ஆளுங்களுக்கு விடியக்காலை அறுபது பன் வேணும்'னு சொல்லியிருக்கேன்.

— அதுக்கென்ன? பசிக்கற வயித்துக்கு பன் வாங்கறது ஒரு குத்தமா?

— ரிப்போர்ட்ல எழுதவா வேண்டாமான்னு பார்க்கறேன்.

— எழுதறது கிடக்கட்டும். முதல் தடவை பிடிச்சீங்களே, அது யாரு?

— ஒரு புருஷன் பொண்டாட்டி. மார்க்கெட்ல மூட்டை இறக்கறவங்க. அந்தப் பொண்ணு அடுப்புல பால் வச்சிருந்துச்சு. 'குழந்தை எழுந்ததும் கேக்கும், ஆத்திக் கொடுத்துட்டு வந்துடறேன் சார்'னு கெஞ்சிச்சு. நேரமில்லைன்னுட்டேன். என் வாயாலதான் சொன்னேன்.

— குழந்தை?

— அதையும் அப்படியே வண்டியில ஏத்தினோம். வழி பூரா அழுதுச்சுக்கா. எனக்கு இன்னும் நெஞ்சு ஆறலை.

— தம்பி, அந்தக் கருத்துக்கணிப்புல நீங்க எதுல டிக் போட்டீங்க?

— 'முழு ஆதரவு'லதான். என் வேலையாச்சேக்கா.

— சரி, விடுங்க. முகத்தைத் தொங்கப் போட்டுக்காதீங்க. நாளைக்கு எத்தனை பன்?

— நாளைக்கு ஆர்டர் இல்லைக்கா. இனிமே வெளியில எங்கேயும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு டைரக்டரம்மா உத்தரவு.

— அப்பாடா! அப்போ நாளைக்கு ரெய்டு இல்லை.

— ஆர்டர் இல்லைன்னுதான் சொன்னேன்.

— தம்பி?

— உங்க கடையில மாவு பிசையற மாஸ்டர் காலையில எத்தனை மணிக்கு வருவார்?

— மாஸ்டரா? எந்த மாஸ்டர்? எங்க வீட்டுக்காரர்தான் பிசையறார்.

— அவருக்கு முட்டை உடைக்கக் கூட வராதுன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானேக்கா.

— கத்துக்கிட்டார். நேத்துதான்.

— அக்கா, விளையாட்டில்லை. நாளைக்கு அஞ்சு மணிக்கு வேற ஊர்லேருந்து ஆளுங்களை இறக்கறாங்க. என் ஆளுங்க இல்லை.

— போதும் தம்பி, இதுக்கு மேல என்னைச் சுத்தி வளைக்காதீங்க. என்னால தாங்க முடியலை. நான்தான் சொன்னேன். ஏழு தடவையும் நான்தான்.

— என்ன சொன்னீங்க?

— நீங்க பன் ஆர்டர் கொடுத்துட்டுப் படி இறங்கறதுக்குள்ள பின்கட்டுக்கு ஓடிப் போய், 'மாஸ்டர், நாளைக்கு அறுபது பேர் வராங்க'ன்னு சொல்லிடுவேன். கையில மாவோட போனை எடுப்பார். அரை மணி நேரத்துல ஊர் பூராத் தெரிஞ்சுடும். பதினோரு வருஷமா என் கடையில நிக்கற மனுஷன் தம்பி அவர். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, தனி ஆளா கடையைத் திறந்து வச்சவர். அவர் பேரு அந்த எண்பது பேர் டிக்குல வரும்னு எனக்குத் தோணவே இல்லை. சத்தியமாத் தோணலை.

— அக்கா, அழாதீங்க.

— அவரை விட்டுடுங்க. என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. என் பேரை ரிப்போர்ட்ல எழுதிக்குங்க.

— என்னன்னு எழுதணும்?

— உங்களை ஏமாத்தினேன்னு எழுதுங்க. நம்பித்தானே என்கிட்ட வந்து ஆர்டர் கொடுத்தீங்க? அதை வச்சே உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேனே!

— எங்க டீம்ல மொத்தமே ஆறு பேர்தான்க்கா. ஆறு பன்னுன்னு சொன்னா நீங்க அதை மாஸ்டர்கிட்ட சொல்லாம விட்டுடுவீங்களோன்னுதான் ஏழு தடவையும் அறுபது கேட்டேன்.