இடைவேளை வரை

படப்பெட்டியை ஸ்கூட்டரின் முன்பக்கம், கால் வைக்கும் இடத்தில் வைப்பது தப்பு. பின் சீட்டில் வைத்துப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்ட வேண்டும். பதினோரு வருடம் அந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். என் கையில் ஒரு பெட்டியும் அடிபட்டதில்லை, ஒரு ஷோவும் பிந்தியதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

ரைட்டர் சார், நீங்கள் என் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதுகிறீர்கள். பரவாயில்லை, கடைசியில் வாசித்துக் காட்டினால் போதும். பெயர் ராபின்சன். வயது முப்பத்து நாலு. யாரும் என்னை அடிக்கவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாறசாலை தியேட்டருக்கும் ஒற்றசேகரமங்கலம் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் வரும். ஒற்றசேகரமங்கலத்தில் இரண்டு மணி நேரம் பிந்தி ஷோ தொடங்கும். இங்கே இடைவேளை விட்டதும் முதல் பாதிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். அந்த ரோட்டில் போய்த் திரும்ப ஒன்றேகால் மணி நேரம். நான் வந்து நிற்கும்போது இங்கே படம் முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருக்கும். உடனே இரண்டாவது பெட்டியோடு மறுபடியும் ஓட வேண்டும். ஆகையால் எந்தப் படமானாலும் எனக்கு இடைவேளையோடு சரி. மீதியை நானே ஊகித்துக்கொள்வேன்.

அந்தப் படம் இந்த வருடம், தொண்ணூற்றாறு ஓணம் முடிந்த பிறகு வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன். யார் அடித்தாலும் வாங்கிக்கொள்வான். ஒருநாள் அவன் அம்மாவை உள்ளே வைத்து வீட்டைக் கொளுத்திவிடுகிறார்கள். அவன் தீக்குள் புகுந்து, எரிகிற உத்தரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வருகிறான். அதன் பிறகு அவனுக்கு வலி என்பது கிடையாது. வெட்டுகிற கத்தி வளைகிறது. சுட்ட குண்டு நெஞ்சில் பட்டு உதிர்கிறது. தீ வைத்தவன் இவன்தான் என்று ஊர் கைகாட்டிய ஆளை, முப்பது அடியாட்களைத் தாண்டிப் போய், அதே உத்தரத்தால் அடித்துக் கொல்கிறான். இடைவேளை.

குவாரிக்காரர்கள் தலையில் கல்பொடியோடு அப்படியே மாட்டினிக்கு வந்துவிடுவார்கள். உத்தரம் தோளில் ஏறும் இடத்தில் சீட்டின் மேல் ஏறி நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றுவார்கள். ஆப்பரேட்டர் பொன்னப்பன் அந்த ரீலை மறுபடி ஓட்டாவிட்டால் திரையைக் கிழித்திருப்பார்கள். நாள் முழுக்க மேலே உள்ளவனிடம் ஏச்சு வாங்கினவனுக்கு அதைப் பார்க்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நடந்தது. எண்பது தடவைக்கு மேல் நடந்தது.

ரெஜி என் கூட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலிருந்தே ஒன்றாக இருந்தவர்கள். மூன்று பேர் உருட்டும் கல்லைத் தனியாகப் புரட்டிவிடுவான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு குவாரி மானேஜர் சோமனிடம் அறை வாங்குவான். டீக்குப் போய் ஐந்து நிமிடம் பிந்தியதற்காக என் கண்ணெதிரில் ஒரு தடவை வாங்கினான். வாங்கிவிட்டுச் சிரித்தான்.

“எலே, உனக்கு ரோசமே கெடையாதா?” என்று கேட்டேன்.

“விடு மக்கா. அந்த ஆளுக்குக் கை நொந்திருக்கும், பாவம்.”

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாற்பது ரூபாய் மேஸ்திரியும் அவனை ஏசுவான், லாரி கிளீனரும் ஏசுவான். நான் அவனை நேசித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுதாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அந்தப் படத்துக்கு அவனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீடு பற்றிக்கொள்ளும் இடம் வந்ததும் எழுந்துவிட்டான். “என்னால இதைக் காண முடியாதுல. பாவம் அந்த அம்ம. நான் வெளிய நிக்கேன், நீ கண்டிட்டு வா” என்றான். உத்தரம் ஏறுவதை அவன் பார்க்கவே இல்லை. வெளியே போய்க் கடலை வாங்கித் தின்றுகொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் யோசித்தேன். கோபத்தில் செய்த காரியம் இல்லை இது. குறை அவன் உடம்பில் இல்லை. அவனுக்கு இதுவரை ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் குறை என்று எனக்குப் பட்டது.

அவன் வீடு ஒற்றசேகரமங்கலம் போகிற வழியில்தான். அன்று வெள்ளிக்கிழமை, மாட்டினி. முதல் பாதிப் பெட்டியோடு போய் இறங்கினேன். அவன் அம்மா சுகுமாரி வாசலில் நின்றார்கள். “வா மக்கா, கெழங்கு அவிச்சிருக்கேன், தின்னுட்டுப் போ. உனக்கு எப்பமும் ஓட்டமாக்கும்” என்றார்கள். தின்றேன். மீன்குழம்பும் இருந்தது. அவர்களுக்கு அந்நேரம் கொஞ்சம் படுக்கும் பழக்கம் உண்டு. படுத்த பிறகு கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கூரை ஓலை. ஸ்கூட்டரில் எப்போதும் ஒரு பாட்டில் பெட்ரோல் கூடுதலாக வைத்திருப்பேன்.

பிறகு ரெஜியை அழைக்க குவாரிக்குப் போனேன். இதில் நேரம்தான் முக்கியம். பிந்திப் போனால் கூரை விழுந்துவிடும், அவன் உள்ளே புக முடியாது. முந்திப் போனால் காப்பாற்றிவிடுவான், அப்போதும் எல்லாம் வீண். பதினோரு வருடம் ஷோ நேரத்துக்குப் பெட்டி சேர்த்தவனுக்கு அது பெரிய காரியமில்லை.

ரெஜி உள்ளே புகுந்தான். வெளியே வந்தபோது தோளில் உத்தரம் இல்லை, அம்மாதான் இருந்தார்கள், உயிரில்லாமல். அவர்களை வாழைக்குக் கீழே கிடத்தி, தன் கைகளைப் பார்த்தான். தோல் முழங்கை வரைக்கும் உரிந்து தொங்கியது. அவன் அலறவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்போது நான் அவன் காதில் சொன்னேன்: “சோமனுக்க ஜீப்பு இப்பதான் இதுவழியாப் போச்சு, நான் கண்டேன்.”

அவன் நடந்தான், ஓடவில்லை. சோமன் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “எந்தாடா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். ரெஜி அந்தக் கையால் சம்மட்டியை எடுத்தான். ஏழு அடி. முதல் அடியிலேயே முடிந்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். மூன்றாவது அடிக்குப் பிறகு அங்கே முகம் என்று ஒன்று இல்லை. பிடியில் ரெஜியின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். கூடி நின்றவர்களில் ஒருவனும் கிட்டே போகவில்லை. நான் விசில் அடித்தேன். யோசித்து அடிக்கவில்லை, தானாக வந்தது.

அப்புறம் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த ஒரு நாள்தான் பிந்தியது.

தாழ்ப்பாள் போட்டதைப் பக்கத்து வீட்டு சுகிர்தபாய் கண்டதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தீர்கள், ரைட்டர் சார். “இண்டர்வெல்லுக்குப் பெறகு நீ கண்டதேயில்லியாடா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பிள்ளைகளோடு போய் முழுப்படமும் பார்த்திருக்கிறீர்கள் போல. செத்தவன் தீ வைக்கவில்லையாம். அது தெரிந்த நிமிடமே நாயகனின் சக்தி எல்லாம் இறங்கிவிடுகிறதாம். அதுவரை வலிக்காத காயமெல்லாம் மொத்தமாக வலிக்கத் தொடங்குகிறதாம். செத்தவன் வீட்டு வாசலுக்குத் தவழ்ந்து போய், அவன் பிள்ளைகள் காலடியில் கிடந்து அழுவதுதான் இரண்டாம் பாதி முழுக்க என்றீர்கள்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஜனம் சட்டையைச் சுழற்றியது முதல் பாதிக்குத்தான். அழுகையைப் பார்க்க யாரும் தலையில் கல்பொடியோடு ஓடிவர மாட்டார்கள்.

காலையில் ரெஜியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது கம்பி வழியாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. இரண்டு போலீஸ்காரர்கள் அவனிடமிருந்து ஓரடி தள்ளியே நடந்தார்கள். இனி அவனை யாரும் அறைய மாட்டார்கள். அதைச் செய்து கொடுத்தவன் நான்.

கதவைத் தாழிட்டது நான். தீ வைத்தது நான். சோமனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, அவர் ஜீப் அன்று அந்த வழியாக வரவே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதை ரெஜிக்கு வாசித்துக் காட்டாதீர்கள். அவன் இளகின மனசுக்காரன், தெரிந்தால் அழுவான். அவன் அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.