கூரையில் நான் தீட்டிய சிவப்புச் சிலுவை

"ஷெல் குத்துறான்! படுங்கோ! எல்லாரும் நிலத்தில படுங்கோ!"

கத்துவது யோகன். என் கணவர். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். நான் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறேன். வயிற்றுக்கடியில் என் மகள். ஐந்து வயது. தூரத்தில் 'டுப்' என்கிறது. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. பன்னிரண்டு எண்ணினால் விழும். கூவிக்கொண்டு தலைக்கு மேலே போவது நமக்கில்லை. கூவல் பாதியில் நின்றால் நமக்கு.

ஒன்பதில் கூவல் நின்றது.

2009. மாசி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு இருபது. வன்னியில் கடலோரம் ஒரு பள்ளிக்கூடம். அப்போது அதுதான் ஆஸ்பத்திரி. வகுப்பறைகளில் பாய் போட்டுக் காயப்பட்டவர்களைக் கிடத்தியிருந்தோம். முதல் எறிகணை வேலிக்கு அப்பால். இரண்டாவது சமையல் கொட்டிலில். மூன்றாவது கூரையில். கூரையில் பெரிய சிவப்புச் சிலுவை தீட்டியிருந்தது. அதன் மேலேயே விழுந்தது.

அந்தச் சிலுவையைத் தீட்டியவள் நான்.

பதினாறு வருடம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது பெங்களூரில், நீலசந்திராவில், மாடி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு வக்கீல். மேசையில் அவளுடைய மடிக்கணினி. திரையில் வரைபடம். அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் நான் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கூரையில் குறி இருந்தது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போடுவதா, வேண்டாமா? என் கை மடியிலேயே கிடக்கிறது.

ஏன் எழவில்லை என்று சொல்கிறேன்.

நான் அந்தப் பள்ளியில் சித்திரப் பாட ஆசிரியை. முதலுதவி வகுப்பும் என் தலையில்தான். முதலுதவிப் புத்தகத்தில் போர்ச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் குறி வைக்க வேண்டும். அது வானத்திலிருந்து தெரிய வேண்டும். குறி உள்ள இடத்தை அடிக்கக் கூடாது. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சட்டம். பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்துப் பரீட்சையும் வைத்திருக்கிறேன். சரியாக எழுதியவர்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை பெயின்ற் தேடினோம். ஒரு கடையும் இல்லை. விளையாட்டுச் சாமான் அறை ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், பச்சை என்று இல்லங்களாகப் பிரித்து வருடா வருடம் போட்டி வைப்போம். அந்த வருடம் போட்டி நடக்கவில்லை. சிவப்பு இல்லத்தின் வாளி திறக்காமலே இருந்தது. யோகன் ஏணியைப் பிடித்தார். நான் ஏறினேன். சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினேன். அதன் மேலே சிவப்பு. இறங்கி வந்து பார்த்தால் சின்னதாகத் தெரிந்தது. போதாது என்று மறுபடி ஏறினேன். இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யோகன் இடத்தின் எண்களைச் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் பதிவுகள் எழுதும் எழுதுவினைஞர். வானத்துச் செய்மதி வழியாகப் பேசும் தொலைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம். மறுமுனையில் கொழும்பில் ஒரு நிவாரண அலுவலகம். சண்டை பிடிக்கிறவர்களுக்கு அவர்கள் அறிவிப்பார்கள். இது ஆஸ்பத்திரி, அடிக்காதீர்கள் என்று. அதுதான் முறை. திங்கள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. யோகன் சிரித்தார்.

"பாத்தீரே, வேலை செய்யுது."

மறுநாள் எட்டு இருபதுக்கு அவர் அந்த வாசலிலேயே விழுந்தார்.

இரண்டு நாள் கழித்து மிச்ச நோயாளிகளை வேறொரு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனோம். அங்கேயும் கூரை. ஒரு தாதி சிலுவை தீட்டச் சொல்லி என்னிடம் வெள்ளைச் சீலையையும் தூரிகையையும் நீட்டினாள். அடுத்த கணம் சுற்றியிருந்த சனம் எழும்பிவிட்டது. கிழவர், பெண்கள், கட்டுப் போட்ட ஆட்கள். ஒரே கத்தல்.

"சிலுவை கீறாதேங்கோ! எங்கட இடத்தை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ!"

யாரும் அவர்களுக்குப் படிப்பிக்கவில்லை. தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது. நான் தூரிகையைக் கீழே போட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை எடுக்கவில்லை.

முள்வேலி முகாமில் ஒரு வருடம். பிறகு விமானத்தில் சென்னை. பிறகு பெங்களூர். இந்த நாடு உலக அகதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே இங்கே நான் அகதியும் இல்லை, குடிமகளும் இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் ஒரு அலுவலகத்துக்குப் போய் இங்கே தங்குவதற்கான தாளைப் புதுப்பிக்கிறேன். அங்கே இருக்கும் அதிகாரி சிரித்தால் தாளை இன்னொரு தரம் வாசித்துப் பார்ப்பேன். அடுகோடியில் ஒரு தையல் பட்டறையில் வேலை. எந்த ஊர் என்று கேட்டால் ராமநாதபுரம் பக்கம் என்பேன். வீட்டுச் சொந்தக்காரருக்குக்கூட அவ்வளவுதான் தெரியும்.

மகள் மதுராவுக்கு இப்போது இருபத்தொரு வயது. அவளுடைய கைபேசியில் இருக்கும் இடம் காட்டும் வசதியை எப்போது பார்த்தாலும் நான் அணைத்து வைப்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஐயோ அம்மா, லொகேஷன் ஆஃப் பண்ணிட்டா பிரியாணிக்காரன் எப்படி வருவான்? வானத்துல இருந்தா போடுவான்?"

அவளுக்கு அது பகிடி. நான் தெருமுனைக்குப் போய் நின்று பிரியாணியை வாங்கி வருவேன்.

அவளால்தான் இந்த வக்கீலும் வந்தாள். மதுரா ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். போர்க் குற்றச் சாட்சியங்களைச் சேகரித்து, என்றாவது ஒரு சர்வதேச நீதிமன்றத்தில் வைப்பதற்காகப் பாதுகாக்கிறார்களாம். மகளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. எங்கம்மா அங்கேதான் இருந்தாங்க என்று சொல்லிவிட்டாள்.

வக்கீலின் பெயர் ரோஸ்லின். ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. நாற்பது வயது இருக்கும். முதல் நாள் வந்தபோது தேநீர் கொடுத்தேன். ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. எந்த மாதா கோயிலுக்குப் போகிறாள் என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு பஸ் பிடித்து அந்தக் கோயிலுக்கே போனேன். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் தாயோடு வந்திருந்தாள். வெளியே நின்று எல்லாரோடும் சிரித்துப் பேசினாள். சரி, ஆள் இருக்கிறாள். ஆனால் ஆள் இருப்பது வேறு, யாருடைய ஆள் என்பது வேறு.

இரண்டாம் தரம் ஒரு படிவத்தோடு வந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வரி வரியாக வாசித்தேன். உங்கள் வாக்குமூலத்தை அரசுகளுடன் பகிரலாமா? ஆம், இல்லை. எந்த அரசு? அதில் எழுதியிருக்கவில்லை. ஊரில் என் தம்பி இருக்கிறான். பிள்ளை குட்டியோடு இருக்கிறான். என் பெயர் எங்கே போகும், அங்கிருந்து எங்கே போகும்? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்று மதுரா என்னோடு பேசவில்லை.

இன்று மூன்றாம் தரம். சனிக்கிழமை பிற்பகல். மதுரா என் பக்கத்தில் இருக்க, ரோஸ்லின் வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டாள்.

"நான் ஒரு இடத்தையும் காட்டமாட்டன், பிள்ளை. ஒருக்கா காட்டினது போதும்."

ரோஸ்லின் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. குண்டு போட்டவங்க சைடுல ஒரு ரிப்ளை குடுத்திருக்காங்க. அந்த பில்டிங் மேல எந்த மார்க்கும் இல்லவே இல்லன்னு. ஆஸ்பத்திரின்னே தெரியாதாம். மார்க் இருந்துச்சுன்னு கண்ணால பாத்தவங்க எங்களுக்கு ஒருத்தரும் கிடைக்கல."

இல்லையாமா? சுண்ணாம்பு என் நகத்துக்குள் ஒரு வாரம் இருந்தது. சிவப்புப் பெயின்ற் என் சட்டையில் இருந்தது. பெரிதாகக் கீறியதால்தான் எல்லாரையும் கொன்றேன் என்று பதினாறு வருடம் நெஞ்சில் அடித்துக்கொண்டவள் நான். அவர்கள் சொல்கிறார்கள், ஒன்றுமே கீறவில்லையாம். எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

"நான் சொன்னால் உங்கட கோர்ட் என்ன செய்யும்?"

"எந்த கோர்ட்டுன்னே இப்ப தெரியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். பத்து வருஷம் ஆகலாம். கேஸ் வர்ற அன்னிக்கு ஃபைல்ல உங்க பேச்சு இருக்கணும், அவ்ளோதான்."

பெரிய வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அதனாலேயே கொஞ்சம் நம்பினேன். கொஞ்சம்தான்.

"சும்னே, காரணமில்லாம பயப்படாதம்மா. நான் பக்கத்துல இருக்கேன்ல" என்றாள் மதுரா.

திரையை என் பக்கம் திருப்பினாள். வானத்திலிருந்து எடுத்த படம். போன வருடத்தது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கிணறு தெரிந்தது. வட்டமாக, அதே இடத்தில். பழைய வகுப்பறைகள் இருந்த இடம் வெறும் நிலம். மைதானத்தின் மேற்குப் பக்கம் நீலக் கூரையோடு ஒரு மாடிக் கட்டிடம். இந்தக் கட்டிடம் எனக்குத் தெரியும். வெளிநாட்டு உதவியில் கட்டித் திறந்தபோது தம்பி படம் அனுப்பியிருந்தான். ரிப்பன், பூமாலை, வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். "பள்ளிக்கூடம் எழும்பியிட்டுது அக்கா" என்று எழுதியிருந்தான். நானும் சந்தோஷப்பட்டேன். அது மைதானத்தின் எந்தப் பக்கம் என்று அந்தப் படத்தில் தெரியவில்லை.

இப்போது தெரிகிறது.

"கிணத்தில இருந்து மேற்கால, சரியா அறுபது அடி" என்றேன்.

மதுரா அளந்தாள். கோடு நீலக் கூரைக்குள் போய் நின்றது. மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் அங்கேதான்.

ரோஸ்லினுக்கு விளங்கவில்லை. அங்கே என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் செத்தவர்களை அங்கேதான் புதைத்தோம். சனம் பதுங்குவதற்கு வெட்டிய நீளமான குழி ஒன்று இருந்தது. நெஞ்சளவு ஆழம். நானும் ஒரு தாதியும் பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்து சுமந்தோம். மாலை ஆறு மணிக்குள் மூடினோம். பிறகு வந்து எடுக்க வேண்டும் என்று கிணற்றிலிருந்து அளந்து வைத்தேன். சித்திரம் படிப்பித்தவளுக்கு அளவு பிசகாது.

மாடிக் கட்டிடத்துக்கு அத்திவாரம் வெட்டினால் நெஞ்சளவுக்குக் கீழே போக வேண்டும். எலும்பு வராமல் வெட்ட முடியாது. வந்திருக்கும். மண்வெட்டி பிடித்தவன் கண்டிருப்பான். மேற்பார்வை பார்த்தவன் கண்டிருப்பான். உதவி கொடுத்த நாட்டுக்காரன் வந்து அத்திவாரம் பார்த்திருப்பான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மேலே கொங்கிறீற் போட்டு, பெயின்ற் அடித்து, ரிப்பன் வெட்டினார்கள். இதற்குப் பெயர் புனரமைப்பு.

ரோஸ்லின் கை தட்டச்சில் நின்றுவிட்டது.

"அக்கா, ஷ்யூரா?"

"நான் அளந்தனான், பிள்ளை."

கை தானாக மேசைக்கு வந்தது. இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று, சிலுவை போட்ட கூரை இருந்த இடத்தில். மற்றது, நீலக் கூரையின் மேல். அரசுகளுடன் பகிரலாமா என்ற இடத்தில் நீதிமன்றத்துக்கு மட்டும் என்று என் கையால் எழுதினேன். நீலசந்திரா முகவரியை வெட்டினேன். தம்பி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லவே இல்லை. ரோஸ்லினையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவளுடைய அடையாள அட்டையை மதுரா படம் எடுத்தாள். ஒரு பிரதி என் பெட்டியில். எனக்கு இன்னமும் பயம் இருக்கிறது. இந்தத் தாள் கெட்டவன் கையில் போகாது என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

வாக்குமூலத்தின் கடைசிப் பந்தியில் 'சுமார் முப்பது பேர்' என்று ரோஸ்லின் தட்டியிருந்தாள். சுமாரை அழிக்கச் சொன்னேன். சுமார் என்று எழுதினால் சுமாராகத்தான் தேடுவார்கள். நான் எண்ணித்தான் வைத்தேன்.

இருபத்தேழு பேர். ஆண்கள் ஒன்பது. பெண்கள் பதினொன்று. பிள்ளைகள் ஏழு. பெயர் தெரிந்தவர்கள் பத்தொன்பது பேர். பெயர்களைத் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். மற்ற எட்டுப் பேருக்கு உடுத்திருந்த உடுப்பின் நிறத்தை எழுதியிருக்கிறேன். முழு உடம்பு கிடைக்காதவர்கள் ஐந்து பேர். அவர்களையும் ஆளாகத்தான் எண்ணினோம். வடக்கிலிருந்து நாலாவது யோகன். முப்பத்தெட்டு வயது. முகத்தை மூட என் சால்வையைப் போட்டேன்.

கட்டிடத்தை இடிக்கச் சொல்லவில்லை. அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் அதற்குக் கீழே இருபத்தேழு பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால், எடுத்தவன் எங்கே கொண்டுபோய்ப் போட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நான் போட்டுவிட்டேன்.