லிடியாவின் தாளில் கீழ்க்கட்டத்தில் கோடு போட்டது பற்றி

24.03.2026 செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜெயமேரி என்பவர் கொடுத்த மனுவின் விசாரணையில், சார்பு ஆய்வாளர் குர்ஷித் பேகம் முன்பு நேரில் வந்து சொன்னது.

என் பெயர் இன்னாசியம்மாள், வயது 68, காலஞ்சென்ற ஞானராஜ் மனைவி. அகரம் பேரூராட்சி மாதா கோவில் தெருவில் குடியிருக்கிறேன். தோட்ட வேலைக்குப் போகிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, கையெழுத்துப் போடத் தெரியாது. என்னை யாரும் மிரட்டிக் கூட்டி வரவில்லை. நானாகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

ஜெயமேரி என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, தெற்கே நானும் வடக்கே அவளுமாக முப்பத்தொரு வருடமாக இருக்கிறோம். தண்ணீர்க் குழாய் அவள் பக்கம் போய்விட்டது. என் மகன் ஸ்டீபன்ராஜின் மகள் பெனிட்டா 11.02.2011 அன்று பிறந்தாள். ஜெயமேரியின் மகன் ஆல்வினின் மகள் லிடியா 28.03.2011 அன்று பிறந்தாள். என் பேத்தி நாற்பத்தைந்து நாள் மூத்தவள். இந்தத் தேதிகளை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை, மனதில் இருக்கிறது. இரண்டு பேரும் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறார்கள். ஆல்வினும் அவன் மனைவியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்வதால் லிடியா அப்பத்தாளிடம் வளர்கிறாள்.

02.03.2026 திங்கட்கிழமை நர்ஸ் அமலராணி எங்கள் தெருவுக்கு வந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கருப்பை வாயில் புற்றுநோய் வராமலிருக்க அரசாங்கம் சும்மா ஊசி போடுகிறது, ஒரே ஊசிதான், பதினான்கு முடிந்து பதினைந்து முடியாத பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொன்னார். நான் பெனிட்டாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாங்கிப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, "பத்தொம்பது நாள் தாண்டிருச்சேம்மா. எங் கையில ஒண்ணுமில்ல. வெளிய காசு குடுத்துத்தான் போடணும்" என்றார். அதன் பிறகு அடுத்த வாசலுக்குப் போய் லிடியாவின் பெயரை எழுதிக்கொண்டார். நான் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அதன் பிறகு என் மகனிடம், வெளியில் காசு கொடுத்தாவது போட்டுவிடுவோம் என்று கேட்டேன். அவன், அந்த ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்று யாரோ பேசி அனுப்பியதைப் போனில் போட்டுக் காட்டி, "காசையும் குடுத்து கேட்டையும் வாங்கணுமாத்தா?" என்று சொல்லிவிட்டான். போனில் பேசியதை நான் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்றால் அந்த நோயை எனக்குத் தெரியும். எங்கள் மாமியார் 1997-ஆம் வருடம் அதில்தான் இறந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முற்றிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஏழு மாதம் தெற்கே என் பாகத்தில்தான் படுக்கை. தினமும் மூன்று தடவை துணி மாற்றி வாய்க்காலில் அலசுவேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் வாடை போகாததால், அந்த ஏழு மாதமும் நான் கரண்டியால்தான் சோறு தின்றேன். ஜெயமேரி வாந்தி வருகிறது என்று சொல்லி உள்ளே வரமாட்டாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து ஜெபப் புத்தகம் படிப்பாள். சாவதற்கு நாலு நாளுக்கு முன்பு மாமியார் தன் கல் தோட்டைக் கழற்றச் சொல்லி, "எனக்கு ஜெபம் படிச்ச புள்ளைக்கு" என்று அவளிடம் கொடுத்தார். கழற்றிக் கொடுத்தது நான். அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஜெயமேரி ஞாயிறுதோறும் கோவிலில் மைக் முன்னால் நின்று வாசகம் வாசிக்கிறாள். அரசாங்கம் கேஸ் அடுப்பு கொடுத்தபோதும் அவள் வீட்டோடு பட்டியல் முடிந்தது. தையல் மிஷின் கொடுத்தபோதும் அப்படித்தான். எஸ்.ஐ. அம்மா மனு விஷயத்துக்கு வரும்படி சொன்னதால் இதை நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இதுவும் மனு விஷயம்தான்.

04.03.2026 புதன்கிழமை, திருப்பூரில் மருமகளுக்கு வயிற்றில் ஆபரேசன் என்று ஜெயமேரி புறப்பட்டுப் போனாள். போகும்போது லிடியாவை என்னிடம் விட்டுவிட்டு, "ஆறு நாளுதேன்க்கா. வெஞ்சனம் எதா இருந்தாலும் திண்டுக்கிரும், ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் லிடியா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். வீட்டில் சம்மதம் வாங்கி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்றாள். அப்பத்தாளுக்குப் போன் போட்டாள். ஜெயமேரி என்னிடம் பேசி, "நீ ரேகைய வச்சு விட்ருக்கா. நீ வச்சா என்ன, நா வச்சா என்ன. பாவம், நம்ம பெனிட்டாவுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றாள். அவள் நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பாள். அந்தப் பாவம் என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு லிடியா தாளை என் முன்னால் வைத்து, "பெரிய அப்பத்தா, மேக்கட்டம்னா போட்டுக்கிறோம், கீக்கட்டம்னா வேணாம். மேல ஒரு கோடு போட்டு அடியில ரேகை வைங்க" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தாளை எட்டிப் பார்த்து, "எனக்கு ஏன் அப்பத்தா தரல?" என்று கேட்டாள். நான் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கீழ்க்கட்டத்தில் கோடு போட்டேன். கை தவறவில்லை, கண்ணும் நன்றாகத் தெரிகிறது. பேனா மையைப் பெருவிரலில் தேய்த்து ரேகை வைத்து, காயும் வரை ஊதி, நாலாக மடித்து லிடியா கையில் கொடுத்தேன். அவள் பையில் வைத்துக்கொண்டாள். அன்று அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். பெனிட்டாவுக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு.

10.03.2026 செவ்வாய்க்கிழமை அந்த வகுப்புப் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது என்று லிடியாவுக்கு மட்டும் போடவில்லை. ஊசி போட்டு வரும் பிள்ளைகளின் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாகப் பெனிட்டா வந்து சொன்னாள்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்த ஜெயமேரி என்னிடம் கேட்டாள். "மேக்கட்டத்துலதேன்டி போட்டேன், நா என்ன குருடியா?" என்று சொன்னேன். அவள் நம்பினாள். மறுநாள் பள்ளிக்கூடம் போய், வகுப்பு டீச்சர் மகேஸ்வரியிடம் தாளை வாங்கிப் பார்த்திருக்கிறாள். "எங்க அக்கா பொய் சொல்லாது. மருந்து பத்தலன்னு எம் புள்ளை தாள மாத்தி வேற யாருக்கோ போட்டுட்டீக" என்று சத்தம் போட்டிருக்கிறாள். டீச்சரும் அமலராணியும், வேறு தாள் தருகிறோம், ரேகையோ கையெழுத்தோ போட்டுக் கொடுங்கள், உடனே போட்டுவிடுகிறோம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. "தாள மாத்துனவுக மருந்த மாத்த மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆல்வினும் போனில், போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அதன் பிறகு இந்தப் பேச்சு தெருவெல்லாம் பரவியது. ஒன்பதாம் வகுப்பின் அடுத்த பிரிவில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இனிமேல்தான் போட வேண்டியிருந்தது. அதில் ஒன்பது வீட்டார் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தெருக் குழாயடியில் சிவனம்மாள் என்னிடம், "ஏத்தா, நீ ஒம் மாமியாளப் பக்கத்துல இருந்து பாத்தவ. அந்த ஊசி நல்லதா, கெட்டதா? எம் பேத்திக்கி நா என்ன சொல்ல?" என்று கேட்டாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் சிவனம்மாளும் தாளைத் திரும்ப வாங்கினாள். ஒன்பதில் அது ஒன்று.

16.03.2026 அன்று ஜெயமேரி மகேஸ்வரி டீச்சர் மீது இங்கே மனு கொடுத்தாள். டீச்சரிடம் விளக்கம் கேட்டு மேலே இருந்து கடிதம் வந்ததாகவும், அவர் அழுதுகொண்டே வகுப்பு எடுப்பதாகவும் பெனிட்டா சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், ஜெயமேரி குழாயடியில் நின்று புலம்பிய முதல் இரண்டு நாள் எனக்குச் சோறு ருசியாக இருந்தது. அதன் பிறகு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்டுகள் எல்லாம் அவளைச் சுற்றி நின்று கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். தோடு மின்னிக்கொண்டிருந்தது. பத்தொன்பது நாளில் என் பேத்திக்குப் போனதை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆறுதல்கூட அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

22.03.2026 ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லிடியா வந்து தானும் உட்கார்ந்து உரித்தாள். செத்த நேரம் கழித்து, "அன்னைக்கு ஸ்கூலுக்குப் போற வழியில தாளப் பிரிச்சுப் பாத்தேன், பெரிய அப்பத்தா" என்றாள். பிறகு ஏன்டி அப்பத்தாளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஒங்கள வையும். சீக்கா கெடந்த பூட்டியப் பாத்த ஆளு நீங்கதான. அந்த ஊசில என்னமோ தப்பு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதான் கீழ போட்ருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, "தப்பு இருக்குல்ல?" என்று கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் நான் கண்ணைத் துடைத்ததற்கு அவள் காரணம் கேட்கவில்லை.

நேற்று அமலராணியைப் போய்ப் பார்த்தேன். இனி வெள்ளிக்கிழமைதான் ஊசி போடும் நாள் என்றார். மறுநாள் சனிக்கிழமை 28-ஆம் தேதி லிடியாவுக்குப் பதினைந்து முடிகிறது. அதைத் தாண்டினால் அவளும் என் பெனிட்டா மாதிரிதான். ஜெயமேரிக்கு நம்பிக்கை வந்தால் ஒழிய அவள் ஊசி போட விடமாட்டாள். அதனால் இங்கே வந்தேன். இதை இன்னும் சாமியாரிடம்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.

தாளை மகேஸ்வரி டீச்சர் மாற்றவில்லை. நர்ஸ் அமலராணியும் மாற்றவில்லை. அந்தக் கோடும் ரேகையும் என்னுடையவை. ஜெயமேரியை விசாரணைக்கு வரச் சொன்னதால் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் நான் என் வாயால் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீங்கள் எழுதிய இந்தத் தாளை அவள் கையில் கொடுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும், கோவிலில் வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொள்ளட்டும். அந்த ஒன்பது வீட்டாருக்கும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து முடித்ததும் ஜெயமேரி அழுவாள். அதன் பிறகு என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லுவாள். என்ன மனசு என்று தெருவே அவளைப் பேசும். அதுவும் அவளுக்கே போய்ச் சேரும். சேர்ந்தால் சேரட்டும், வெள்ளிக்கிழமை லிடியாவுக்கு ஊசி போட்டாக வேண்டும்.

எஸ்.ஐ. அம்மா எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். கடைசியில், "அறியாமையால் செய்துவிட்டேன்னு ஒரு வரி சேத்துக்கிறவா, பாட்டி? ஒங்களுக்கு நல்லது" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நோயை இந்தத் தெருவில் என்னைவிட அறிந்தவள் யாரும் இல்லை. பொறாமையால் செய்தேன் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதி மறுபடியும் படித்துக் காட்டினார். நான் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி என்பதற்கு, அந்தத் தாளில் வைத்த அதே விரலை இதிலும் வைக்கிறேன்.

இன்னாசியம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.

என் முன்பாக,
குர்ஷித் பேகம், சார்பு ஆய்வாளர்.