ஒன்பது அடுப்பு

"படு! படு! யாரும் தலையத் தூக்காதீங்க!"

அத்தானின் குரல். அக்கா புருஷன். கைபேசியில் வருகிறது. பின்னால் ஓர் இன்ஜின் சத்தம். நெருங்குகிறது. சட்டென்று நிற்கிறது. ஒரு பெண் கத்துகிறாள். "பிள்ளைய எடு! ஐயோ, பிள்ளைய எடு!" பிறகு இடி. மண் கொட்டும் சத்தம். இன்னோர் இடி. குரல்பதிவு அதோடு முடிகிறது.

சனிக்கிழமை காலை. நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். பாய் கடையின் பின்கட்டு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்தது பர்மாவில். எங்கள் ஊர் ஜனங்கள் ஓடி ஒளிந்திருக்கும் ரப்பர் பால்மரத் தோட்டத்தில். ஆனாலும் நான் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடக்கிறேன். எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பாய் எட்டிப் பார்த்தார். கடை முதலாளி. நல்ல மனுஷன்.

"என்னம்மா, வழுக்கிட்டியா?"

"ஆமா பாய்."

வேறென்ன சொல்வது? ரொட்டி சானாய்க்கு ஆட்கள் காத்திருக்கிற நேரம். எழுந்து கத்தியைத் தேடினேன்.

கத்திய பெண் யார்? அக்காவா? என் மகளா? பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயத்தில் கத்தும்போது எல்லாக் குரலும் ஒரே குரல்தான். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்லவேண்டும். பாராசூட்டில் இன்ஜின் கட்டி ராணுவத்தான் ஒருவன் பறந்து வருவான். புல் வெட்டும் மெஷின் மாதிரி சத்தம் கேட்கும். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பிழைத்தோம். போடுகிற இடம் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிடுவான். அந்த அமைதிதான் எமன். இங்கே தாமான் வீடுகளுக்கு நடுவில் புல் வெட்டுகிறவர் பெட்ரோல் தீர்ந்து மெஷினை நிறுத்தினாலும் எனக்கு உயிர் போய்விடும். ஒருமுறை நடுரோட்டில் படுத்துவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சனியன்கள், அவர்களுக்கு என்ன தெரியும்?

நானும் அந்தச் சத்தத்திலிருந்து ஓடி வந்தவள்தான். போன மழைக்காலம். இரண்டு நாள் வாய்க்காலில் கிடக்கிறோம். தண்ணீர் இடுப்பு வரை. மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. எல்லைக்குப் போகும் வண்டி வந்து நிற்கிறது. ஓர் ஆளுக்குத்தான் இடம். காய்ச்சல்காரியை ஏற்றமாட்டேன் என்கிறான் வண்டிக்காரன். நான் போகமாட்டேன் என்கிறேன். அக்கா என்னை முதுகில் கைவைத்துத் தள்ளுகிறாள்.

"போடீ! நீ போய் ஒரு வழி பண்ணு. இவள அடுத்த வண்டில ஏத்திவுடுறேன்."

அடுத்த வண்டி வரவில்லை. பாலத்தை உடைத்துவிட்டார்கள். மகளுக்குப் பதினேழு வயது. எனக்கு அவள் ஒருத்திதான். அக்காவும் அத்தானும் அவளும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள்.

அடுப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஈப்போவில் ஒரு கடைமாடியில் செலின் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண். சண்டைக்குப் பயந்து ஓடுகிறவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், எத்தனை குடும்பம், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று நாள்தோறும் விசாரிப்பது அவள் வேலை. அவள் சொல்கிற கணக்கை வைத்துத்தான் எல்லையிலிருந்து அரிசி லாரி கிளம்பும். லாரி ஒன்றுதான். எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களின் கணக்கை அவளுக்கு நான் வாங்கிக் கொடுக்கிறேன். எனக்கு அத்தான் சொல்வார்.

தலையை எண்ண முடியாது. ஆம்பிளைகள் ராணுவத்துக்குப் பயந்து ஒளிந்திருப்பார்கள். பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்காது. அதனால் அடுப்பை எண்ணுவோம். ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். விடியும் முன்பே பனிமூட்டத்தோடு புகை கலக்கிற மாதிரி ஆக்கி இறக்கிவிடுவார்கள். அத்தான் எண்ணிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். எண்ணை மட்டும் சொல்வார். இறங்கிவிடுவார். பெயர் சொல்லக்கூடாது. இடம் சொல்லக்கூடாது. சாவும் சொல்லக்கூடாது. யாராவது ஒட்டுக்கேட்டால் குண்டு சரியான இடத்தில்தான் விழுந்தது என்று தெரிந்துபோகும். மறுபடி அங்கேயே கொண்டுவந்து போடுவார்கள். சனிக்கிழமைப் பதிவு தெரியாமல் வந்தது. ஓடுகிற ஓட்டத்தில் விரல் பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை கணக்கு பதினேழு அடுப்பு.

சனிக்கிழமை முழுக்க வேறு செய்தி இல்லை. நான் கூப்பிடவும் முடியாது. ஒளிந்திருக்கிறவர் மடியில் போன் அடித்தால் என்ன ஆகும்? செலினுக்குச் சொன்னேன். "காத்திருப்போம் அக்கா, நாளைக்கு காலைல கண்டிப்பா சொல்வாரு" என்றாள். காத்திருப்பதா? ராத்திரி முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் காத்திருந்தேன்.

ஞாயிறு காலை பதிவு வந்தது.

"ஒன்பது அடுப்பு."

அவ்வளவுதான். குரல் அடைத்திருந்தது. மேடேறிய மூச்சிரைப்பு என்று நினைத்தேன்.

பதினேழில் எட்டு குறைந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் என்றால், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு புத்தமடம் இருக்கிறது. நிலைமை மோசமானால் வயசுப் பெண்கள் இருக்கிற குடும்பங்கள் முதலில் அங்கே போய்விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அப்படியானால் என் மகளும் போயிருக்கவேண்டும். அத்தான் மட்டும் மிச்ச ஆட்களுக்காகத் தங்கியிருப்பார். செலினும் அதையே சொன்னாள்.

"எட்டு குடும்பம் தாண்டிட்டாங்க போலருக்கு லா, அக்கா! நல்ல செய்தி. லோரிய மடத்துப் பக்கம் போகச் சொல்லிர்றேன். புதுசா போனவங்ககிட்ட ஒண்ணும் இருக்காது."

"சொல்லு தாயி, சொல்லு."

அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

நான் குடியிருப்பது பழைய தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடுகளில். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். லயம் மட்டும் நிற்கிறது. அங்கே லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அன்று காலை நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். பாய் ஒரு கூடை நிறையப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "கறி மீன் போடாம பீஹூன் பெரட்டியிருக்கேன். கொண்டுபோய்க் குடு. பாவம், காலைலேர்ந்து பட்டினியா கெடப்பாங்க" என்றார்.

கொண்டுபோனேன். மதியம். முன்னால் பிணம். பெண்கள் அழுகிறார்கள். நான் பின்பக்கம் போனேன். ஒரு கைப்பிள்ளை பாலுக்குக் கத்துகிறது. அதன் தாய், செத்தவரின் மருமகள், அழுத கண்ணோடு எழுந்து கேஸ் அடுப்பைத் திருகப் போனாள். பக்கத்து வீட்டு அக்கா பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"ஏய், அடுப்பத் தொடாத! மூணாம் நாள் பால் தெளிக்கிற வரைக்கும் இங்க பத்தவெக்கக் கூடாது. குடு, எங்க வீட்டுல காய்ச்சி எடுத்துட்டு வாரேன்."

கூடை என் கையிலிருந்து விழுந்தது. பொட்டலங்கள் சிதறின.

எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் ஆக்கிப் போடுவார்கள். ஒன்பது அடுப்பு எரிகிறது என்றுதான் அத்தான் சொன்னார். எட்டுக் குடும்பம் போய்விட்டது என்று அவர் சொல்லவேயில்லை. அதை நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

செம்பனைக்குள் ஓடினேன். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துச் செலினைக் கூப்பிட்டேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

"அக்கா, காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்போதுகூடவா இதெல்லாம் பாப்பாங்க?"

"பிணத்த எரிக்கக்கூட முடியாது, புகை தெரியும். கொட்டடிக்க முடியாது, வாய்விட்டு அழ முடியாது. அவங்க கையில மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். பாப்பாங்க!" கத்தினேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. பாவம், நல்ல பெண்.

"லோரி மடத்தப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு அக்கா. இப்ப சொன்னா திருப்பலாம். ஆத்துக்கிட்ட போயிட்டா முடியாது. ரெண்டு பக்கமும் போக டீசல் எண்ணெய் பத்தாது. நீங்க உறுதியா சொன்னா திருப்பச் சொல்றேன்."

உறுதியாகச் சொல்வதா? நான் நினைத்தது தப்பானால், என் மகள் அக்கரையில் பட்டினி கிடப்பாள். சரியானால், எட்டு வீட்டில் சாவு. எங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம். லாரியைத் திருப்பு என்று சொல்வது, என் மகள் செத்திருக்கலாம் என்று என் வாயாலேயே சொல்வது மாதிரி. கடவுளே, நான் தப்பாக இருக்கவேண்டும், நான் தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"திருப்பு" என்றேன். "அக்கரைக்குப் போனவங்க யாரும் இல்ல. திருப்பு."

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. துக்க வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பொட்டலங்களைப் பொறுக்கினேன். செத்தவர் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தம்மா என்னை அவ்வளவாகத் தெரியாதவர். தன் துக்கத்தை விட்டுவிட்டு என்னைத் தேற்றினார். யாருக்காக அழுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை. கடைக்குப் போய்விட்டேன்.

பதிவு வருகிறது. "ஒன்பது."

அத்தான் இன்னும் மேட்டில்தான் இருப்பார். கட்டுப்பாடெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கிறார். காற்று இரைகிறது.

"அத்தான், நம்ம அடுப்பு?"

சேவல் ஒன்று எங்கோ கூவுகிறது. தூரத்தில் டொப் என்று ஒரு வெடி. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"நம்ம அடுப்பு எரியுதா அத்தான்?"

"எரியல."

சுவரில் சாய்ந்தேன். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வருவது தெரிகிறது. நான் கேட்கும் முன்பே அத்தான் சொன்னார்.

"உங்க அக்கா போயிட்டா. உன் மக இருக்கா."

"அப்பாடா" என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் காதில் விழும்படி. என் கூடப் பிறந்தவள். என்னை வண்டியில் தள்ளி ஏற்றியவள். அவள் செத்தாள் என்றதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பிறகுதான் அழுகை. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. யுத்தம் மனுஷியை இப்படி ஆக்கிவிடும் என்று படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அத்தான் கோபப்படவில்லை. "அன்னைக்குக் கத்துனது அவதான். பக்கத்துக் குடிசைப் பிள்ளைய எடுக்க ஓடுனா" என்றார். பிறகு, "ஒன்பது அடுப்புலதான் எல்லாருக்கும் ஆக்கிப் போடுறாங்க. அரிசி சுத்தமா தீந்துபோச்சு. வண்டி வருமா?"

"திரும்பி வந்துக்கிட்டு இருக்கு அத்தான்."

"சரி. வெச்சுர்றேன். இனிமே கூப்புடாத."

அரிசி அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. செலின் சொன்னாள். அக்கரை மடத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் போயிருக்கவில்லை என்பதும் அப்போது உறுதியானது. எட்டு வீடு. எட்டும் சாவு வீடு. ஏழு வீட்டில் ஒவ்வொருவர். ஒரு வீட்டில் எல்லாருமே போய்விட்டார்கள். அந்த அடுப்பை மூன்றாம் நாள் பற்றவைக்க ஆள் இல்லை.

இது இழப்புக் கணக்கு. ஒரு வண்டி, இரண்டு மாடு. ஒரு கைப்பம்பு. குடிசைகள் எல்லாமே. மனிதர்கள் பதினொரு பேர். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். உயிரோடு இருப்பவர்கள் பெயரையும் எழுதமாட்டேன். அவர்கள் இன்னும் அந்த மரங்களுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கிறார்கள். செத்தவர்களை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அவர்கள் பெயரை எழுதுகிறேன்.

மாரிமுத்து. அவர் மனைவி அஞ்சலை. அவர்கள் பிள்ளைகள் குமரன், பொன்னி. வேலாயுதம். கருப்பாயி. சோலைமலை. தனம். ராமு. இன்னும் பெயர் வைக்காத ஓர் ஆண் குழந்தை. தாய் உயிரோடு இருக்கிறாள், அதனால் இன்னார் பிள்ளை என்றும் எழுத முடியவில்லை. என் அக்கா செல்லம்மா.

என் மகளின் பெயர் இதில் இல்லை.